இலியட் காப்பியத்தில் தொன்மமும் வரலாறும்: பன்றிக்கோட்டுத் தலைக்கவசம் உணர்த்தும் எல்லை

முன்னுரை

டிராய்ப் போர் பற்றிய ஐயம் இக்கால ஆய்வாளர்க்கு மட்டும் உரியதன்று. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டினரான ஹெரோடோட்டஸ், ஹெலன் டிராய் நகரை அடையவேயில்லை, எகிப்திலேயே தங்கிவிட்டாள் என்னும் வழக்கை ஏற்றார். அவள் நகருக்குள் இருந்திருப்பின், ஒரு பெண்ணின் பொருட்டுத் தம் மக்கள் மடிவதை டிராய் அரசர் பொறுத்திரார் என்பது அவருடைய தருக்கம். அவருக்குப் பின்வந்த துசிடிடீஸ் போர் நடந்ததை மறுக்கவில்லை. அதன் அளவைக் குறைத்தார். காப்பியம் கூறும் கப்பல்களை ஏறத்தாழ 1,200 எனக் கொண்டு, பெருங்கப்பலில் 120 பேர், சிறுகப்பலில் 50 பேர் எனக் கணக்கிட்டு, கிரேக்க நாடு முழுவதும் திரண்டு சென்றதாகச் சொல்லப்படும் படைக்கு இஃது அத்துணைப் பெரிய தொகையன்று என்றார். உணவுப் பற்றாக்குறையால் படையின் ஒரு பகுதி உழவிலும் கொள்ளையிலும் ஈடுபட நேர்ந்ததே போர் பத்தாண்டு நீண்டமைக்குக் காரணம் என்பதும் அவர் கருத்து.

இருவரும் பின்பற்றிய நெறி ஒன்றே: நம்பத்தகாதவற்றை நீக்கினால் எஞ்சுவது வரலாறு. இந்நெறி இன்றும் செல்வாக்குடன் விளங்குகிறது, ஆயினும் பிழையுடையது. நம்பத்தகுந்த செய்தி அனைத்தும் நடந்த செய்தி ஆகாது. புலவன் புனைந்துரைப்பதும் பெரும்பாலும் நம்பத்தகுந்த முறையிலேயே அமையும். துசிடிடீஸின் கணக்கு நுட்பமானதே. எனினும் அக்கணக்கின் முதலெண்ணே காப்பியம் தந்ததுதான்.

அகழாய்வும் காப்பிய நம்பிக்கையும்

காப்பியத்தை வழிகாட்டியாகக் கொண்டு மண்ணைத் தோண்டியவர்களுள் ஹைன்ரிக் ஷ்லீமன் பெரும்புகழ் பெற்றவர். துருக்கியின் வடமேற்கிலுள்ள ஹிசார்லிக் மேட்டில் அவர் 1873இல் கண்டெடுத்த பொன்னணிகளுக்குப் ‘பிரியாமின் புதையல்’ எனப் பெயரிட்டார். அவை இரண்டாம் டிராய் எனப்படும் அடுக்கைச் சார்ந்தவை. போர் நிகழ்ந்ததாகக் கருதப்படும் காலத்திற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்டவை. காப்பிய நகரம் மிகக் கீழே இருக்கும் என்னும் எண்ணத்தில் அவர் வெட்டிய பெருங்குழி, மேலடுக்குகளின் பகுதிகளையும் அழித்தது. 1876இல் மைசீனியில் கிடைத்த பொன்முகமூடி ஒன்று ‘அகமெம்னானின் முகமூடி’ எனப் பெயர் பெற்றது, அதுவும் கி.மு. பதினாறாம் நூற்றாண்டினது.

பின்வந்த வில்ஹெல்ம் டோர்ப்ஃபெல்ட் ஆறாம் டிராயைக் காப்பிய நகராகக் கொண்டார். 1932 முதல் 1938 வரை அகழ்ந்த கார்ல் பிளெகன், ஆறாம் நகர் நிலநடுக்கத்தால் அழிந்தது எனக் கருதி, தீக்கிரையான அடுத்த அடுக்கைத் தெரிந்தெடுத்தார். நகர் எரிந்ததைச் சாம்பல் காட்டும். எரித்தவர் யார் என்பதை அது காட்டாது.

பழம்பொருளும் பிற்காலப் படலமும்

வரலாற்றுச் செய்தி காப்பியத்தில் எவ்வடிவில் தங்குகிறது என்பதற்கு இலியட் பத்தாம் படலத்தில் இடம்பெறும் தலைக்கவசம் சிறந்த சான்று. இரவில் வேவு பார்க்கச் செல்லும் ஒடிசியஸுக்கு மெரியோனிஸ் அதனை அணிவிக்கிறான். தோலால் ஆகிய அக்கவசத்தின் புறத்தே காட்டுப்பன்றியின் வெண்கோடுகள் நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருந்தன எனக் காப்பியம் வருணிக்கிறது. இத்தகைய கவசங்களின் கோட்டுத் தகடுகள் மைசீனியக் கல்லறைகளில் கிடைத்துள்ளன. இதனை அணிந்த வீரர் தலைகள் தந்தத்திலும் செதுக்கப்பட்டுள்ளன. காப்பியம் உருப்பெற்றதாகப் பலரும் கருதும் கி.மு. எட்டாம் நூற்றாண்டிற்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே இக்கவசம் வழக்கொழிந்தது. எனவே புலவர் தம் காலத்துப் போர்க்களத்தில் கண்டதை இங்குப் பாடவில்லை. மரபில் வந்ததைப் பாடினார்.

இவ்விடத்தே ஒரு முரண் உள்ளது. பத்தாம் படலம் பின்னர்ச் சேர்க்கப்பட்டது என்னும் கருத்துப் பண்டை உரைகாரரிடமே இருந்தது. இன்றைய அறிஞர் பலரும் அதனை ஏற்பர். காப்பியத்தின் மிகப் பழைய பொருள்களுள் ஒன்று, அதன் மிகப் பிந்தியதாகக் கருதப்படும் பகுதியில் அமைந்துள்ளது. கவசத்தின் தொன்மை அப்படலக் கதைக்குத் தொன்மை தாராது. டோலோன் கொலையுண்டதற்கும் ரீசஸின் குதிரைகள் கவரப்பட்டதற்கும் அது சான்றாகாது. பொருள் மெய்யாயிருப்பதால் நிகழ்ச்சியும் மெய் எனக் கொள்ளுதல், ஷ்லீமன் செய்த பிழையின் மற்றொரு வடிவமே.

வாய்மொழி மரபின் இயல்பு இதனை விளக்கும். மில்மன் பாரி 1928இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஹோமரின் அடைமொழித் தொடர்கள் யாப்பிற்கேற்ப வழிவழி அமைந்த வாய்பாடுகள் என நிறுவினார். பாரியும் அவர்தம் மாணவர் ஆல்பர்ட் லார்டும் வளர்த்த இக்கோட்பாட்டையே க. கைலாசபதி 1968இல் வெளியான தம் ஆங்கில நூலில் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திக் காட்டினார். யாப்பில் இறுகிய தொடர், பொருள் மறந்த பின்னும் நிலைபெறும். கதையோ பாடுவோர்தோறும் நெகிழும்.

கலந்து கிடக்கும் காலங்கள்

காப்பிய வீரர் எரியூட்டப்படுகின்றனர்; மைசீனியரோ பெரும்பாலும் தம் முன்னோரைப் புதைத்தனர். ஹெக்டரின் என்புகள் துணியில் பொதிந்து பேழையில் இடப்பட்டதை ஒத்த வழக்கம், லெஃப்காண்டியில் கிடைத்த கி.மு. பத்தாம் நூற்றாண்டு ஈமக்குழியில் காணப்படுகிறது. வெண்கலப் படைக்கலம் ஏந்துவோர் நடுவே, பட்ரோக்ளஸின் ஈமப்போட்டியில் இரும்புக்கட்டி பரிசாகிறது. தேர்கள் வீரரைக் களத்திற்கு ஏற்றிச் செல்லும் ஊர்திகளாகவே பெரிதும் பயன்படுகின்றன. தேர்ப்படையின் உண்மையான பயனைப் புலவர் அறிந்திலர் எனல் தகும்.

மைக்கேல் வென்ட்ரிஸ் 1952இல் லீனியர் பி எழுத்துகளைப் படித்தறிந்தபின் இவ்விடைவெளி மேலும் தெளிவாயிற்று. களிமண் பலகைகளில் ஆடு, எண்ணெய், கம்பளி, பணியாளர் என அனைத்தையும் எண்ணிப் பதியும் அரண்மனை ஆட்சி தெரிகிறது. ஹோமரிடம் அவ்வெழுத்தர்களின் நிழலும் இல்லை. பலகைகளில் ‘வனக்ஸ்’ என்பவன் அரசன்; ‘பசிலியூஸ்’ என்பதன் பழைய வடிவம் சிறு தலைவன் ஒருவனையே குறிக்கிறது. காப்பியத்தில் பின்னையது அரசர்க்குரிய பெயராக உயர்ந்துள்ளது. அக்கிலீஸ், ஹெக்டர் என்னும் பெயர்களும் அப்பலகைகளில் உள. அவை எளிய மாந்தரின் பெயர்களாகவே உள்ளன.

ஹிட்டைட் ஆவணங்கள்

புறச்சான்றுகளுள் மிக வலியவை ஹிட்டைட் அரசின் ஆவணங்கள். அவற்றில் ‘விலுசா’ என்னும் நாடும் ‘அக்கியவா’ என்னும் அரசும் இடம்பெறுகின்றன. இவற்றை இலியோஸ், அக்கேயர் என்னும் பெயர்களோடு எமில் ஃபோரர் 1924இல் தொடர்புபடுத்தினார். நெடிய மறுப்புகளுக்குப்பின் இன்று பெரும்பான்மையோர் உடன்படுகின்றனர். இலியோஸ் என்பதன் பண்டை வடிவம் வகர முதலாகிய ‘விலியோஸ்’ என்பதை இலியட்டின் யாப்பே காட்டிக்கொடுக்கிறது: ஒலி மறைந்தபின்னும் அதற்குரிய இடம் அடிகளில் எஞ்சியுள்ளது. இதுவும் கவசத்தைப் போன்றதொரு எச்சமே.

ஏறத்தாழ கி.மு. 1280இல் ஹிட்டைட் மன்னன் இரண்டாம் முவத்தல்லி, விலுசா மன்னன் அலக்சாண்டுவோடு உடன்படிக்கை செய்துகொண்டான். ஹெலனைக் கவர்ந்த பாரிஸுக்குக் காப்பியம் வழங்கும் மறுபெயர் அலெக்சாண்ட்ரோஸ். ஒப்புமை வியப்பூட்டுவது, ஆயினும் உடன்படிக்கையின் அலக்சாண்டு அரியணையில் அமர்ந்த மன்னன், காப்பியத்தின் அலெக்சாண்ட்ரோஸ் இளவரசன். அக்கியவா மன்னனுக்கு ஹிட்டைட் மன்னன் ஒருவன் விடுத்த மடல், விலுசா தொடர்பாக இருவர்க்குமிடையே முன்னர்ப் பூசல் இருந்ததையும் அது தீர்ந்ததையும் குறிப்பிடுகிறது. கவர்ந்து செல்லப்பட்ட அரசியைப் பற்றியோ பத்தாண்டு முற்றுகையைப் பற்றியோ இவ்வாவணங்களில் ஒரு சொல்லும் இல்லை.