பேரன்ட் கன்ஸ்ட்ரக்டரை அழைத்தாயா?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பிஎச்பி கோடைப் படித்தேன். பணம் கட்டும்போது வரும் பிழைகளுக்காக எக்ஸெப்ஷன் கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்து தனி கிளாஸ் எழுதி, ஆர்டர் எண்ணையும் அதிலேயே வைத்திருக்கிறாய். நல்ல யோசனை. ஆனால் லாக்கில் செய்தி வரவேண்டிய இடம் காலியாக இருக்கிறதே, ஏன் என்று கேட்டிருந்தாய்.

உன் கன்ஸ்ட்ரக்டரைப் பார். செய்தியை வாங்குகிறது, ஆர்டர் எண்ணைச் சேமிக்கிறது, அவ்வளவுதான். செய்தியை உள்ளே பதிந்துவைப்பது பேரன்ட் கன்ஸ்ட்ரக்டரின் வேலை. அதை நீ கூப்பிடவே இல்லை. பிறகு கெட்மெசேஜ் எதைத் தரும்?

ஜாவாவில் நீ எழுதாவிட்டாலும் கம்பைலரே ஆர்க்யுமென்ட் இல்லாத சூப்பர் அழைப்பைச் சேர்த்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் சூப்பரை அழைக்குமுன் திஸ்ஸைத் தொட்டால் பிழை வந்து நிற்கும். பிஎச்பியின் வழக்கம் வேறு. சைல்டு கிளாஸில் கன்ஸ்ட்ரக்டர் இல்லையென்றால் பேரன்டுடையது தானாக ஓடும். நீ ஒன்று எழுதிவிட்டால், அழைப்பது முழுக்க உன் பொறுப்பு. மறந்தால் ஓர் எச்சரிக்கைகூட வராது. டேட்டாபேஸோடு பேசும் பிடிஓ கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்து மறந்தாலாவது முதல் குவெரியிலேயே தெரிந்துவிடும். எக்ஸெப்ஷனில் எல்லாம் சரியாக நடப்பதுபோலவே இருக்கும். வாடிக்கையாளரின் பணம் சிக்கி, நீ லாக்கைத் திறக்கும் நாளில்தான் விஷயம் வெளிவரும். நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதற்காகத்தான்.

முதல் வரியில் இப்படி எழுது: பேரன்ட்::__கன்ஸ்ட்ரக்ட்($செய்தி, 0, $முந்தையது). அந்த மூன்றாவது ஆர்க்யுமென்டை விட்டுவிடாதே. டேட்டாபேஸ் வீசிய மூலப் பிழையைப் பிடித்து நீ உன் பிழையை வீசும்போது, மூலத்தைத் தொடர்ந்து காட்டுவது அதுதான்.

பழைய பாடங்களில் கிளாஸின் பெயரிலேயே கன்ஸ்ட்ரக்டர் இருக்கும். 2004-இல் பிஎச்பி 5 வந்ததிலிருந்து __கன்ஸ்ட்ரக்ட் இருக்கிறது. 2020-இல் வந்த பிஎச்பி 8-இல் அந்தப் பழைய வகை வெறும் மெத்தட் மட்டுமே, தானாக ஓடாது. அந்தப் பாடங்களைப் பார்த்து எழுதாதே. இன்னொன்று, பேரன்டில் கன்ஸ்ட்ரக்டரே இல்லாதபோது அழைத்தால் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். ஆகவே பேரன்ட் கிளாஸைத் திறந்து, அது என்னென்ன கேட்கிறது என்று பார்த்தபின் எழுது.

உன் புராஜெக்டில் எக்ஸ்டெண்ட்ஸ் என்று தேடு. கன்ஸ்ட்ரக்டர் உள்ள ஒவ்வொரு சைல்டு கிளாஸையும் இன்றைக்கே பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்