வழக்கிற்கு உரிய மன்றம்

கடன் கொடுத்து ஏமாந்தவரும், நிலம் பறிகொடுத்தவரும், உடன்படிக்கை மீறப்பட்டு நட்டமுற்றவரும் நீதிமன்றத்தை நாடுங்கால் தம் பக்கத்து நியாயத்தையே பெரிதும் சிந்திப்பர். அந்நியாயத்தைக் கேட்டுத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் எந்த மன்றத்திற்கு உண்டு என்னும் கேள்வியை வக்கீலின் கவலையென்று விட்டுவிடுவர். ஆயின், அதிகாரமில்லாத மன்றத்தில் அளித்த பிராது, எத்துணை நியாயம் உடையதாயினும், விசாரணைக்கு வாராமலே திரும்பிவிடும். வக்கீல்கள் பலர் வாழ்ந்தமையாற் பெயர்பெற்ற மயிலாப்பூரிலிருந்தே உதாரணங்களை எடுத்துக்கொண்டு, இக்கேள்விக்கு விடைகாணும் முறையை மாணவ நண்பர்களுக்கு விளங்குமாறு ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இதற்கு அடிப்படையான சட்டம் 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டமாகும். அதனையும் அதனோடு இயைந்த பிற சட்டங்களையும் நோக்கின், வாதியாவான் மூன்று வினாக்களை வரிசையாக எழுப்பிக்கொள்ளுதல் வேண்டுமென்பது புலனாகும். வழக்கின் பொருள் யாது? அஃது எழுந்த இடம் யாது? அதன் மதிப்பு யாது? இம்மூன்றனுள் ஒன்று பிழைப்பினும் மன்றம் பிழைபடும்.

முதலாவது, பொருள். சிவில் உரிமை பற்றிய வழக்குகள் அனைத்தையும் சிவில் நீதிமன்றங்கள் விசாரிக்கலாம். சட்டம் வெளிப்படையாகவோ குறிப்பாகவோ விலக்கியவற்றை மாத்திரம் விசாரித்தல் ஆகாது. இது மேற்குறித்த சட்டத்தின் 9-ஆம் பிரிவு. அவ்விலக்குகளோ இன்று பலவாம். மாட வீதியில் வீடு வைத்திருப்பவர் ஒருவர் வாடகைக்காரரை வெளியேற்ற விரும்பின், 2019-இல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி வாடகை நீதிமன்றத்தையே அணுகவேண்டும். கணவன் மனைவியரிடை எழும் திருமண வழக்கு, 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட குடும்ப நீதிமன்றத்திற்கு உரியது. கபாலீசுவரர் திருக்கோயில் போன்ற அறநிலையங்களின் நிர்வாகம் பற்றிய தாவாவை, 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்திற்கு இயைந்த வழியிலன்றித் தொடுத்தல் இயலாது. ஆதலின், ‘இது சிவில் நீதிமன்றத்திற்கு உரியதுதானா?’ என்னும் ஐயத்தை முதற்கண் நீக்கிக்கொள்ளுதல் நன்று.

இரண்டாவது, இடம். நிலம், வீடு முதலிய அசையாச் சொத்தின் உரிமை பற்றிய வழக்கு, அச்சொத்து அமைந்துள்ள எல்லையின் மன்றத்தில் தொடுக்கப்படும். மயிலாப்பூரிற் குடியிருக்கும் உடன்பிறந்தார் இருவர் தஞ்சையிலுள்ள தம் பிதிரார்ச்சித நன்செயைப் பாகம் பிரித்துக்கொள்ள வழக்கிடுவராயின், இருவரும் சென்னைவாசிகளே என்பது பற்றி அவ்வழக்கைச் சென்னையில் தொடுத்தல் ஆகாது. நிலம் பல மன்றங்களின் எல்லைகளிற் பரந்து கிடப்பின், அவற்றுள் யாதேனும் ஒன்றில் தொடுக்கலாம். ஒருவர் உடலுக்கோ அசையும் பொருளுக்கோ தீங்கு இழைக்கப்பட்டதாயின், தீங்கு நிகழ்ந்த இடம், பிரதிவாதி வாழும் இடம் ஆகிய இரண்டனுள் ஒன்றை வாதி தேர்ந்துகொள்வான். கடன், உடன்படிக்கை முதலிய ஏனைய வழக்குகளுக்குப் பிரதிவாதி வாழும் அல்லது தொழில் புரியும் இடமும், வழக்கிற்குரிய காரணம் முழுதுமோ ஒரு பகுதியோ தோன்றிய இடமும் உரியன. ‘நான் இங்கே வசிக்கிறேன்’ என்னும் காரணம் மட்டும் வாதிக்குப் போதாது. பிறர் ஊரில் இருப்பவனைத் தன் வாயிலுக்கு இழுத்துவரும் உரிமை வாதிக்கு இல்லையென்பதே இவ்விதியின் உட்கருத்து. இதற்கு ஒரு புறநடையும் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருள் வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிட இடந்தருகின்றது.

மூன்றாவது, மதிப்பு. விசாரிக்கத் தகுதியுடைய மன்றங்களுள் தாழ்ந்த படியிலுள்ளதிலேயே வழக்குத் தொடங்கவேண்டுமென்பது 15-ஆம் பிரிவின் விதி. 1892-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் சென்னை நகர சிவில் நீதிமன்றம் ஏற்பட்டபொழுது, ரூ. 2,500-க்கு மேற்படாத வழக்குகளே அதற்கு உரியனவாயிருந்தன. அவ்வரம்பு படிப்படியாக உயர்ந்து, 2018-இல் ரூ. 1 கோடி ஆயிற்று. அதற்கு மேற்பட்டவை உயர்நீதிமன்றத்தின் அசல் அதிகாரப் பகுதிக்குச் சென்றன. வரம்பு சட்டத்திருத்தந்தோறும் மாறக்கூடியதாதலின், வழக்கிடும் நாளில் உள்ள அளவை அறிந்துகொள்ளல் வேண்டும். உயர்நீதிமன்றத்திற்கு நிலம், இடம் பற்றிய விதிகளும் சற்றே வேறு. 1865-ஆம் ஆண்டு அரசப்பத்திரத்தின் 12-ஆம் வாசகம் அவற்றைக் கூறுகின்றது. வழக்கின் காரணத்தில் ஒரு பகுதியே சென்னையெல்லைக்குள் தோன்றியதாயின், வழக்கைப் பதியுமுன் மன்றத்தின் அனுமதியைப் பெறவேண்டும். பிற்பாடு பெறலாமென்று எண்ணுதல் பயனற்றது.

இவ்வளவும் கற்றபின், மாணவர் ஒருவர், ‘இரு திறத்தாரும் உடன்பட்டு ஒரு மன்றத்தைக் குறித்துக்கொண்டால் என்ன?’ என வினவக்கூடும். நம் தமிழகத்தினின்று உச்சநீதிமன்றம்வரை சென்ற இரு வழக்குகள் இதற்கு விடை கூறுகின்றன.

சேலத்து வணிக நிறுவனம் ஒன்று, 1974-இல் குஜராத்திலுள்ள ஏ. பி. சி. லாமினார்ட் என்னும் கம்பெனியிடம் சரிகை நூல் வாங்க உடன்படிக்கை செய்துகொண்டது. ‘இவ்விற்பனை பற்றிய தகராறு கைரா நீதிமன்ற அதிகாரத்திற்கு உட்பட்டது’ என்னும் பொருள்பட அதில் ஒரு வாசகம் இருந்தது. தகராறு நேர்ந்தபின், சேலத்தார் 1975-இல் சேலம் சப் கோர்ட்டிலேயே பிராது கொடுத்தனர். அம்மன்றம் அவ்வாசகத்தைக் காட்டிப் பிராதைத் திருப்பியது. சென்னை உயர்நீதிமன்றமோ சேலத்திற்கு அதிகாரம் உண்டென்றது. உச்சநீதிமன்றம் 1989-இல் சேலத்தார்க்கே சாதகமாக முடிவு கூறிற்று. ‘மட்டும்’, ‘மாத்திரமே’ போன்ற விலக்குச் சொல் அவ்வாசகத்தில் இல்லை. ஆதலின் காரணத்தில் ஒரு பகுதி தோன்றிய சேலத்தின் அதிகாரம் நீங்கிவிடவில்லை என்பது அதன் தீர்ப்பு. எந்த மன்றம் விசாரிப்பது என்னும் ஒன்றை அறியப் பதினான்கு ஆண்டுகள் கழிந்தன; உண்மையான தகராறோ அப்பொழுதுதான் விசாரணைக்குக் காத்து நின்றது!

மற்றொன்று போடிநாயக்கனூர் ஏலக்காய் வழக்கு. வணிகர் ஒருவர் டெல்லிக்கு அனுப்புமாறு பட்டேல் ரோட்வேஸ் கம்பெனியின் போடிக் கிளையில் ஏலக்காயை ஒப்படைத்தார். டெல்லிக் கிடங்கில் தீப்பற்றிச் சரக்கு அழிந்தது. அவர் பெரியகுளம் நீதிமன்றத்தில் நட்டஈடு கோரினார். கம்பெனியோ, ‘பம்பாய் மன்றமே அதிகாரமுடையது’ என்று தன் இரசீதில் அச்சிட்டிருந்ததைக் காட்டி மறுத்தது. கம்பெனிக்குக் கிளையுள்ள ஊரிலேயே வழக்கின் காரணமும் தோன்றியிருப்பின், தலைமையகம் பம்பாயில் இருப்பதனால் மட்டும் அவ்வூர் மன்றம் அதிகாரம் பெறாது. சட்டம் வழங்காத அதிகாரத்தை உடன்படிக்கை வழங்கமாட்டாது என உச்சநீதிமன்றம் 1991-இல் தீர்த்தது.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின் உண்மை விளங்கும். சட்டப்படி அதிகாரமுடைய மன்றங்கள் பலவாயின், அவற்றுள் ஒன்றை இரு திறத்தாரும் குறித்துக்கொள்ளலாம். அதிகாரமில்லாததற்கு அதனை நல்குதல் இயலாது. பிற்பாடு 2013-இல், சுவஸ்திக் கேஸஸ் வழக்கில், ‘மட்டும்’ என்னும் சொல் இல்லாவிடினும் ஒரு மன்றத்தைப் பெயர்கூறிக் குறித்ததே ஏனையவற்றை விலக்கியதாகக் கொள்ளப்படுமென்று உச்சநீதிமன்றம் கூறியுள்ளமையின், சேலத்து வழக்கை நம்பி அத்தகைய வாசகத்தைப் பாராமல் கையொப்பமிடுதல் இனித் தகாது.

மன்றம் பிழைபட்டால் விளைவு யாது? இடம் பற்றியோ மதிப்பு பற்றியோ ஆட்சேபம் உடையவர் அதனைத் தொடக்கத்திலேயே கூறவேண்டும். வழக்கு முடிந்து தோல்வியுற்றபின், நியாயத்திற்குக் கேடு விளைந்ததெனக் காட்டாமல் அதனைக் கிளப்பின் பயனில்லை. பீகாரில் எழுந்த கிரண் சிங் வழக்கில், தாமே குறைவாக மதிப்பிட்ட வாதிகள், தோற்றபின் அம்மதிப்புப் பிழையைக் காட்டித் தீர்ப்பை அழிக்க முயன்றனர். உச்சநீதிமன்றம் 1954-இல் இடங்கொடுக்கவில்லை. ஆயினும், பொருள் பற்றிய அதிகாரமே இல்லாத மன்றத்தின் தீர்ப்பு எக்காலத்தும் செல்லாததேயாம். பிராது திருப்பப்படின், அதனை உரிய மன்றத்தில் அளிக்கலாம். தவறான மன்றத்தில் நல்லெண்ணத்தோடும் ஊக்கத்தோடும் வழக்கு நடத்திய காலத்தை, 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு கழித்துத் தருகின்றது. அசட்டையாய் இருந்தவர்க்கு அச்சலுகை இல்லை. மூன்றாண்டு வரம்புடைய கடன் வழக்கில் அஃது உரிமையையே இழப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே, நண்பர்காள், பிராது எழுதுமுன் பொருள், இடம், மதிப்பு என்னும் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பீராக. இரசீதின் பின்புறத்துச் சிற்றெழுத்தையும் கையொப்பமிடுமுன்னரே படிப்பீராக. நகர சிவில் நீதிமன்றமும் உயர்நீதிமன்றமும் ஒரே வளாகத்துள் இருப்பினும், ஒன்றிற்குரிய பிராதை மற்றொன்று ஏலாது. வாயிலறிந்து சென்றவர்க்கே நியாயம் காலத்தாற் கிட்டும்.