இருட்டில் விட்டால் ஒன்றாகிவிடுமா கூஸ் வாத்து?

"ராத்திரி இருட்டுல கொண்டுபோய்ப் பழைய வாத்துங்களோட விட்டுடு. விடிஞ்சா எல்லாம் ஒண்ணாயிடும்."

புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரிலும் பாகூரிலும் கொல்லையில் கூஸ் வாத்து வளர்க்கும் வீடுகளுக்கு இந்த யோசனை இலவசமாகக் கிடைக்கிறது. சொன்னவர் போய்விடுவார். சிறகு பிய்ந்த வாத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மறுநாள் டாக்டரைத் தேடி ஓடுவது வாங்கியவர்.

கோழிக்கு இது ஓரளவு செல்லும். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அடைந்தால் விடியும்வரை அசையாது. கூஸ் அப்படியா? நடுராத்திரி கேட் பக்கம் யாராவது நடந்தால் ஊரையே கூட்டுகிறதே, அதற்காகத்தானே வாங்கினீர்கள்? ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் விஸ்கிக் கிடங்குகளுக்கு 1959 முதல் பல ஆண்டுகள் காவல் இருந்தது இந்தப் பறவைதான். அந்நியரைக் கண்டு கத்துவதும் துரத்துவதும் அதன் பிறவிக் குணம். அதன் கூண்டுக்குள்ளேயே அந்நியரைத் தள்ளிக் கதவையும் சாத்திவிட்டால் வந்தது எங்கே ஓடும்?

1973-ல் நோபல் பரிசு பெற்ற கோன்ராட் லோரன்ஸ் கூஸ்களோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து பார்த்தவர். எதிரியைத் துரத்திய ஆண் பறவை ஜோடியிடம் திரும்பி வந்து, இரண்டும் கழுத்தை நீட்டிச் சேர்ந்து கத்தும். அந்தக் கத்தல்தான் உறவை இறுக்குகிறது என்றார் அவர். ஆக, புதியதைத் துரத்துவது வெறும் முன்கோபம் அல்ல. நீங்கள் கோல் எடுத்து அதட்டினாலும் நிற்காது.

கடி காயம் ஆறிவிடும். எனக்குக் கோபம் வருவது நோயை நினைத்து. வாத்து பிளேக் கிருமி உடம்பில் புகுந்து நோய் வெளியே தெரிய 3 முதல் 7 நாள் ஆகும். சந்தையில் பளபளவென்று நின்ற பறவை நாலாம் நாள் பச்சையாகக் கழியும். அதற்குள் உங்கள் பழைய வாத்துகள் அதே தொட்டியில் தண்ணீர் குடித்து முடித்திருக்கும். பறவைக் காய்ச்சலோ இன்னும் மோசம்; வாத்து இனங்கள் சில நேரம் அறிகுறியே காட்டாமல் கிருமியைச் சுமக்கும். 2024 ஏப்ரலில் கேரளத்து ஆலப்புழையின் எடத்துவாவிலும் செறுதனாவிலும் வாத்துகளைக் கொத்துக்கொத்தாக அழித்தார்கள். அது நமக்குத் தூரத்து ஊர் இல்லை.

புதியதை மூன்று நான்கு வாரம் தனியே வையுங்கள். தட்டு, தொட்டி, விளக்குமாறு எல்லாம் தனி. தீனி முதலில் பழையதுக்கு, பிறகுதான் புதியதுக்கு. வாத்து பிளேக் தடுப்பூசி பற்றிக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், ஏனென்றால் நோயிலிருந்து பிழைத்த பறவை வருடக்கணக்கில் கிருமியைப் பரப்பக்கூடும்; தனியே வைத்தாலும் அது கண்ணுக்குத் தெரியாது. ஏதாவது செத்தால் உடனே புதைத்து மறைக்காதீர்கள், மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு வாரம் பத்து நாள் நடுவில் கோழிவலை. பார்க்கட்டும், கத்தட்டும். சேர்க்கும் நாளில் பகலில், திறந்த வெளியில், இரண்டுக்கும் பழகாத இடத்தில் விடுங்கள். தீனித் தட்டு இரண்டு, தண்ணீர்த் தொட்டி இரண்டு, தூரம் தூரமாக. ஒற்றையாக வாங்காமல் இரண்டாக வாங்கினால் அடி பங்காகும். முட்டையிடும் பருவத்தில், அடைகாக்கும் முப்பது நாளில், இந்த வேலையே வேண்டாம்.

மஞ்சள் தண்ணீர் தெளித்தால் ஒரே வாடையாகிச் சேர்ந்துவிடுமாம். குரலையும் முகத்தையும் வைத்து ஆளை அறியும் பறவையிடம் மஞ்சள் என்ன செய்யும்? குளம் இல்லாமல் வளர்க்கக் கூடாது என்பதும் பொய். தலையும் கண்ணும் முங்கும் அளவு தண்ணீர் போதும். கூஸ் இருந்தால் பாம்பு வராது என்பவர்கள், சிந்திய நெல்லையும் தவிட்டையும் முதலில் கூட்டட்டும். எலிக்காகத்தான் பாம்பு வருகிறது. வந்தால் கூஸ் கத்தும், அவ்வளவுதான். குஞ்சைப் பாம்பு பிடித்துக்கொண்டும் போகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கூஸ் புல் மேயும் பறவை. பரந்த இடத்தில் மேய்ந்துகொண்டே பழகினால் சண்டை பாதியாகக் குறையும். பாகூர் வரப்புகளில் புல் எங்கே? களைக்கொல்லி அடித்துப் பழுப்பாக்கி வைத்திருக்கிறோம். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைக் கண்டவர் கையில் கொடுக்கக் கூடாது என்று 2022 அக்டோபரில் மத்திய அரசே கட்டுப்பாடு போட்டது. அப்புறமும் வரப்புக்கு மருந்தடிக்கிறவர், வீட்டுக்கு வந்து வாத்துக்குத் தீவன மூட்டைக்குக் காசு எண்ணுகிறார். அரிவாளால் அறுத்தால் அந்தப் புல்லே தீவனம்.