இடிபாடு கொட்டிய மனையில் செடி வைப்போருக்கு

ஏரியையும் தாழ்நிலத்தையும் தூர்த்து மனைகளாக்கிய சென்னைப் புறநகர்களில், லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிய மணலும் செங்கல் துண்டும் காரைக்கட்டியும் கலந்த பூமியை இயற்கையான மண்ணென்று நம்பிச் செடி நடுவோர், நித்தியம் நீர் வார்த்தும் அது வாடுவதைக் கண்டு நாற்றுக்காரரை நோவது சகஜம். அக்கலவையில் நீர் தங்காது. அதிலுள்ள சுண்ணாம்பும் சிமெண்டும் மண்ணைக் காரமாக்குவதால், இரும்புச் சத்து வேருக்கு எட்டாமற்போய், இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாய் நிற்க வெளுத்துவிடும். ஒரு பிடி மண்ணில் சில துளி வினிகர் விட்டு, அது நுரைத்துப் பொங்குமாயின், சுண்ணாம்புக்கு வேறு பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டுவதில்லை.

அத்தகைய இடத்தில் 2 அடிக்குக் குறையாமல் குழி தோண்டி, கற்களைப் பொறுக்கி நீக்கி, செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பி, மேலே சருகு பரப்பி வைப்பது உத்தமம். அடுப்புச் சாம்பல் மட்டும் வேண்டாம். காரம் மேலும் ஏறும். வேம்பும் புங்கும் இதையெல்லாம் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

கீரை, கிழங்குகளின் விஷயம் வேறு. வீட்டுச் சாயங்களில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மிகாமற் கட்டுப்படுத்தும் விதி 2017-இல்தான் அமலுக்கு வந்ததாதலின், பழஞ்சுவர்களின் இடிபாட்டில் அந்த விஷம் இருக்கக்கூடுமென்று கருதி, அவற்றைத் தொட்டியிலேயே வளர்ப்பது விவேகம்.