பகிர்வதற்கு முன் ஆண்டைப் பாருங்கள்

தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி என்றால் முன்பு கோயில் நோட்டீஸ், வானொலி, நாளிதழ் வழியாகத்தான் விவரம் தெரியும். சிலர் சொல்வார்கள், ஊரே கேட்கும். 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றுபோனது. இன்று வாட்ஸ்அப் குழுவில் எல்லாருமே செய்தியாளர்கள். ஆனால் பிழை பார்க்க ஆசிரியர் இல்லை.

நானும் தவறு செய்தவன்தான். ஒருமுறை பழைய அன்னதான நோட்டீஸை, ஆண்டைக் கவனிக்காமல் பகிர்ந்துவிட்டேன். தோட்டத்துப் பாட்டி ஒருவர் அதை நம்பி வெயிலில் வந்து, வெறுமனே திரும்பினார். “தம்பி, நீ அனுப்புனதாலதானே வந்தேன்?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

மக்கள் தொடர்புக்கு அடிப்படை நம்பிக்கை. அதைக் காக்க மூன்று பழக்கங்கள் போதும்:

1. நம் நோட்டீஸில் நாளோடு ஆண்டையும், விசாரிக்க ஓர் எண்ணையும் போடுவோம்.

2. வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்த செய்தி. முதலில் சொன்னவர் யாரென்று கேட்போம். பொதுச் செய்தி என்றால், 2017-இல் தொடங்கப்பட்ட ‘செபெனார்ஞா’ அகப்பக்கத்தில் சரிபார்ப்போம்.

3. தவறாக அனுப்பிவிட்டால் சத்தமில்லாமல் அழிக்க வேண்டாம். அதே குழுவில் திருத்தம் போடுவோம். வாட்ஸ்அப் இல்லாத பெரியவர்களிடம் நேரில் போய்ச் சொல்வோம்.

அடுத்த திருவிழாவுக்குள் உங்கள் கிளையிலும் இதைத் தொடங்குங்கள்.