தெருப்பூனைக்கு உடம்பு சரியில்லையா? முதலில் கையை எடுங்கள்

பூனை குறுக்கே போனால் போகிற காரியம் கெடும் என்ற நம்பிக்கையால் பூனைக்குப் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. அதன் உயிருக்கு உலை வைக்கும் நம்பிக்கைகள் பெரும்பாலும் பூனைப் பிரியர்களிடம்தான் இருக்கின்றன. மாடிப்படிக்கு அடியில் ஒரு தெருப்பூனை சுருண்டு கிடக்கிறது. கிட்டே போனால் சீறுகிறது. விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. அப்போது வீட்டு மருந்து டப்பாவிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் நாம் எடுத்துவரும் வைத்தியம் பல சமயம் நோயைவிட மோசமானது. அப்படிப்பட்ட சில நம்பிக்கைகளை இங்கே பார்ப்போம்.

நம்பிக்கை: உடம்பு கொதிக்கிறது. கால் மாத்திரை பாராசிட்டமால் கொடுத்தால் சரியாகிவிடும்.

உண்மை: இதில் இரண்டு தவறுகள். பூனையின் இயல்பான உடல் வெப்பமே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். நல்ல பூனையைத் தொட்டாலும் நம் கைக்குச் சுடத்தான் செய்யும். காய்ச்சலை வெப்பமானி வைத்துத்தான் சொல்ல முடியும்.

இரண்டாவது தவறு உயிரை எடுத்துவிடும். பாராசிட்டமாலின் நச்சை முறித்து வெளியேற்றத் தேவையான நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. அதனால் உடம்பில் தங்கும் நச்சுப்பொருள், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே கெடுத்துவிடும். சில மணி நேரத்தில் ஈறு பழுப்பு நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். குழந்தைகளுக்கான சிரப்பும் இதே மருந்துதான். யாராவது ஏற்கெனவே கொடுத்திருந்தால், பூனை நன்றாகத் தெரிகிறதே என்று காத்திருக்க வேண்டாம். முறிமருந்து உண்டு, ஆனால் சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

நம்பிக்கை: சாப்பிடாத பூனைக்குப் பாலை ஊற்றினால் தெம்பு வரும்.

உண்மை: பால்குடி மறந்த பிறகு, பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் சக்தி பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துவிடும். பால் குடித்தால் வயிற்றுப்போக்கு வரும். ஏற்கெனவே நீர் வற்றிக் கிடக்கும் உடம்பு இன்னும் வற்றும். பாலாடையாலோ ஊசியில்லாத சிரிஞ்சாலோ வாயைத் திறந்து ஊற்றினால், துவண்டு கிடக்கும் பூனைக்கு அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் கொண்டுவிடலாம்.

சளி பிடித்து மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் சாப்பிடாது. உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த மீனை முள் நீக்கி, வெதுவெதுப்பாக வைத்துப் பாருங்கள். பக்கத்தில் அகலமான கிண்ணத்தில் தண்ணீர் இருக்கட்டும். இரண்டு நாளாக ஒன்றுமே தின்னவில்லை என்றால் மருத்துவரிடம் கொண்டுபோயே ஆக வேண்டும். பட்டினி நீண்டால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து தனி நோயாகிவிடும். கொழுத்த பூனைக்கு இந்த ஆபத்து அதிகம்.

நம்பிக்கை: உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறது. மலச்சிக்கல்தான், விளக்கெண்ணெய் கொடுக்கலாம்.

உண்மை: அது கடுவனாக இருந்தால் சிறுநீர் அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். கட்டட வேலைக்குக் கொட்டிய மணலில் பள்ளம் பறித்து உட்காரும், முக்கும், ஒரு சொட்டு வராது. பக்கத்திலேயே இன்னொரு பள்ளம் பறிக்கும். இடையிடையே பின்புறத்தை நக்கும், அடித்தொண்டையில் கத்தும். கடுவனின் சிறுநீர்க் குழாய் குறுகலானது. உப்புப் பரல்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். தேங்கிய சிறுநீரால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுபோகலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும் என்பதால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

நம்பிக்கை: சொறி பிடித்தால் கழிவு ஆயில் தடவு. புண்ணுக்கு ஃபினாயில் ஊற்று.

உண்மை: மெக்கானிக் கடையிலிருந்து வாங்கிவந்த கறுப்பு எண்ணெயைத் தடவினால் அது தோலில் மட்டும் நிற்காது. நக்கி நக்கித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி பூனை. மேலே பூசியது எல்லாம் வயிற்றுக்குள் போகும். ஃபினாயிலும் டெட்டாலும் பூனைக்கு விஷம். நாய்க்கு உண்ணி போகச் சொட்டுவிடும் மருந்துகளிலும் எச்சரிக்கை தேவை. அவற்றில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்து செத்துப்போகலாம். காது ஓரத்தில் தொடங்கி முகமெல்லாம் பொருக்குத் தட்டும் சொறி, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணியால் வருவது. பார்க்கத்தான் கோரமாக இருக்குமே தவிர, மருத்துவர் தரும் சரியான மருந்தில் நன்றாகக் குணமாகிவிடும்.

நம்பிக்கை: கொர்கொர் என்கிறதே, அப்படியென்றால் சுகமாகத்தான் இருக்கிறது.

உண்மை: பூனை சுகத்திலும் அந்தச் சத்தம் போடும், வலியிலும் போடும், குட்டி ஈனும்போதும் போடும். சத்தத்தை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். முதுகைக் கூனிக் குந்தியிருக்கிறதா? ரோமம் நக்கப்படாமல் சிக்குப் பிடித்திருக்கிறதா? கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளைச் சவ்வு பாதிக் கண்ணை மூடியிருக்கிறதா? அசையாமல் படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 40 முறைக்கு மேல் மூச்சு விடுகிறதா? நாயைப் போல வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது அவசர நிலை. கிட்டே போகாமல் செல்போனில் பெரிதாக்கி ஒரு நிமிட வீடியோ எடுங்கள். நாம் வாயால் சொல்வதைவிட மருத்துவருக்கு அது அதிகம் சொல்லும்.

நம்பிக்கை: சாகப்போவது தெரிந்துதான் பூனை எங்கேயோ போய்விடும். தேடுவது வீண்.

உண்மை: அது சாவை முன்கூட்டி அறிந்து போவதாகச் சொல்ல ஆதாரம் இல்லை. பலமிழந்த பிராணி, நாய் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒதுங்குகிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் அது பக்கத்திலேயே இருக்கும். மோட்டார் அறை, தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கம், காலிமனைப் புதர் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒதுங்கிய பல பூனைகளின் நோய் குணப்படுத்தக்கூடியதே.

நம்பிக்கை: பாசமாகக் கூப்பிட்டால் கைக்கு வந்துவிடும். வராவிட்டால் சாக்கைப் போட்டு அமுக்கிவிடலாம்.

உண்மை: பூனைக்குட்டி மனிதரோடு பழகக் கற்றுக்கொள்வது பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை. அந்தக் காலத்தில் மனிதக் கை படாமல் வளர்ந்த பூனைக்கு, நம் கை என்றால் பிடிக்க வரும் எதிரிதான். சாக்கில் அமுக்கினால் மூச்சு முட்டும். தப்பித்துவிட்டால் மறுபடி அந்தப் பக்கமே வராது.

கூண்டுதான் வழி. சாப்பிடும் நிலையில் இருக்கும் பூனைக்கு முதலில் கூண்டின் கதவைக் கட்டித் திறந்தே வைத்து, உள்ளே சாப்பாடு வையுங்கள். பயம் தெளிந்து உள்ளே போய்வரத் தொடங்கியதும் கதவு விழும்படி மாற்றுங்கள். அடியில் செய்தித்தாள் விரித்து, பின்கோடியில் மத்தி மீன் வைத்தால் போதும். கதவு விழுந்ததும் பழைய லுங்கியால் கூண்டு முழுவதையும் மூடுங்கள். இருட்டில் பூனை சீக்கிரம் அடங்கும். மருத்துவரிடம் முன்பே பேசி வைத்துக்கொண்டு பொறியை வைப்பது முக்கியம். பிடித்த பிறகு மருத்துவமனை தேடி அலையக் கூடாது.

நம்பிக்கை: பிடிக்கவே வேண்டாம். ஆன்டிபயாடிக்கைப் பொடித்துச் சோற்றில் கலந்துவிடலாம்.

உண்மை: எந்தப் பூனை எவ்வளவு தின்றது என்று யாருக்குத் தெரியும்? நோயாளி முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும், பக்கத்துப் பூனை முழுவதையும் தின்றுவிடும். எடை தெரியாமல், நோய் தெரியாமல் கொடுத்த மருந்து அரைகுறையாகவே நிற்கும். தினமும் பிடிக்க முடியாத பூனை என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரே ஊசியில் இரண்டு வாரம் வரை வேலை செய்யும் ஆன்டிபயாடிக்கும் உண்டு. சென்னையில் 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் பூனைகளுக்கும் சிகிச்சை உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் அரசு கால்நடை மருத்துவமனையில் முதலில் விசாரிக்கலாம்.

நம்பிக்கை: நாய்க் கடிக்குத்தான் ஊசி. பூனை பிராண்டினால் மஞ்சள் வைத்தால் போதும்.

உண்மை: வெறிநோய் பூனை மூலமும் பரவும். நோய் கண்ட தெருப்பூனை திடீரென மூர்க்கமானால் இன்னும் கவனம் வேண்டும். கடியோ பிராண்டலோ பட்டால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், தடுப்பூசி இலவசம். முதல் ஊசியோடு நிறுத்திவிடாமல் மருத்துவர் சொன்ன எல்லாத் தவணையையும் போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் வந்த கடி என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும். வெறிநோய் இல்லாவிட்டாலும், பூனையின் பல் ஊசி போல ஆழமாக இறங்கிக் கிருமியை உள்ளே விட்டுவிடும். மறுநாளுக்குள் கை வீங்கிச் சிவந்தால் அதற்குத் தனியாக மருந்து தேவை.

நம்பிக்கை: தேறிய பிறகு மீன் மார்க்கெட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளும்.

உண்மை: அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகள் புதிதாய் வந்ததை அண்ட விடாது. எங்கே ஒளிவது, எங்கே தண்ணீர் கிடைக்கும் என்றும் அதற்குத் தெரியாது. தேறிவந்த உடம்பு தாங்காது. பட்டினி கிடக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. பிடித்த இடத்திலேயே விடுங்கள். விடுவதற்கு முன், மருத்துவர் சம்மதித்தால், கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடித்துவிடலாம். இன்னொரு தடவை கூண்டுக்குள் அது எளிதில் வராது.

நம்பிக்கை: மருத்துவரிடம் போனால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள்.

உண்மை: சில சமயம் அந்த யோசனையும் வரும். தினமும் பிடித்து மருந்து கொடுக்க முடியாத பூனைக்கு, குணமாகாத நோய் முற்றியிருந்தால், கருணைக்கொலை வேதனையைக் குறைக்கும் மருத்துவம்தான். ஆனால் கொண்டுபோகிற பூனைகளில் பலவற்றுக்கு இருப்பது சீழ்க்கட்டி, சொறி, சளி என்று தீரக்கூடிய நோய்கள். எது எது என்று படிக்கட்டில் நின்று நாம் தீர்மானிக்க முடியாது.

ஆகவே, தெருப்பூனைகள் உள்ள வீட்டுக்காரர்கள் இன்றே இரண்டு காரியம் செய்து வைக்கலாம். கூண்டு யாரிடம் இரவல் கிடைக்கும், இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பூனைக்கு உடம்பு முடியாமல் போவது எப்போதும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில்தான்.