எக்கலை பயில்வது?

சென்ற ஆண்டு ஆனித் திங்களில் ஒருநாள் மாலை என் பெயரன் பள்ளியிலிருந்து திரும்பியபொழுது, அவனுடைய சட்டைப்பை கிழிந்து தொங்கியது. முழங்கையில் சிராய்ப்பும் இருந்தது. தாய் வினவ, "விழுந்துவிட்டேன்" என்று சொல்லி உள்ளே சென்றுவிட்டான். இரவு உணவு முடிந்தபின், திண்ணையில் சாய்ந்திருந்த என்னருகே வந்து அமர்ந்தான். நெடுநேரம் பேசாதிருந்தவன், "தாத்தா! சிலம்பம், கராத்தே, ஜூடோ, குத்துச்சண்டை இவற்றுள் எது சிறந்தது? எதைக் கற்றால் ஒரே மாதத்தில் ஒருவனை வீழ்த்தலாம்?" என்று கேட்டான். அந்த ஒருவன் யாவன் என்று நான் வினவவில்லை. கிழிந்த சட்டைப்பையே அதனைச் சொல்லிற்று.

மாணவர்களே! அவனுக்கு அப்பொழுது அகவை 13. மெலிந்த உடல், கண்ணாடி அணிபவன். அவன் கேட்ட வினாவை உங்களுள் பலரும் என்றேனும் உள்ளத்துள் கேட்டிருப்பீர்கள். அஃது ஒரு வினாவன்று, இரண்டு வினாக்கள். எது சிறந்தது என்பது ஒன்று. எது விரைவில் வீழ்த்தும் என்பது மற்றொன்று. பின்னதற்கு விடை எளிது: ஒரு திங்களில் பிறரை வீழ்த்தக் கற்பிக்கும் கலை உலகில் இல்லை. ஒரு திங்களில் கற்கக்கூடியது, தன் கால்களை எங்கே ஊன்றுவது என்பது மட்டுமே. அதனையும் செவ்வையாகக் கற்பவர் சிலரே. முன்னதற்கு விடை காண எங்களுக்குப் பல நாள் ஆயிற்று. இதற்கிடையே, மறுநாட் காலையிலேயே நான் பள்ளிக்குச் சென்று வகுப்பாசிரியரிடம் நடந்ததைத் தெரிவித்தேன். அடிபட்ட பிள்ளை திருப்பியடிக்கக் கற்கும்வரை பெரியோர் காத்திருத்தல் முறையன்று.

அன்றிரவு அவனுக்கு ஜப்பானியச் சிறுவன் ஒருவனுடைய வரலாற்றைச் சொன்னேன். 1860ஆம் ஆண்டிற் பிறந்த ஜிகரோ கானோ என்பவரும் இளமையில் மெலிந்த உடலினர்; படிப்பில் வல்லவர். விடுதிப் பள்ளியில் உடல் வலிய மாணவர்கள் அவரைத் துன்புறுத்தினர். வலியாரை மெலியார் வெல்லுதற்குரிய 'ஜுஜுத்சு' என்னும் பழங்கலை ஒன்று உண்டு என அவர் கேள்வியுற்றார். ஆனால் சாமுராய் என்னும் போர்வீரர் காலம் அப்பொழுது முடிந்துவிட்டது. அக்கலையைப் போற்றுவார் அருகினர். எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டும் மருத்துவர்கள் அக்கலையை அறிந்திருத்தல் கூடும் எனக் கருதிய கானோ, அத்தகையோரைத் தேடித் தேடி உசாவி, 1877ஆம் ஆண்டில் ஓர் ஆசானை அடைந்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின், 1882ஆம் ஆண்டில், தோக்கியோ நகரத்துப் புத்தர் கோயில் ஒன்றிற் பாய்களை விரித்துத் தாமே பயிற்சி தரத் தொடங்கினார். அதுவே கோடோகான் என்னும் பெயர் பெற்ற ஜூடோப் பள்ளியின் தொடக்கம். பழங்கலையில் உயிருக்கும் உறுப்புக்கும் ஊறு விளைக்கும் அடிகளைப் போட்டிப் பயிற்சியினின்றும் விலக்கி, மாணவர் இருவர் முழு வலிமையோடு பொருதாலும் நலமாக வீடு திரும்புமாறு அவர் அதனைத் திருத்தியமைத்தார்.

"பிறகு அந்தப் பெரிய பையன்களை என்ன செய்தார், தாத்தா?"

"அவர் பள்ளித் தலைமையாசிரியர் ஆனார்" என்றேன்.

இவ்விடை அவனுக்கு நிறைவளிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஜூடோ பயிலச் செல்வோர்க்கு ஆசான் முதலிற் கற்பிப்பது எதிரியை வீழ்த்துவதன்று, தான் விழுவது. தள்ளுண்டவன் இயல்பாகக் கையை நீட்டி நிலத்தில் ஊன்றுவான், உடலின் பளுவெல்லாம் மணிக்கட்டில் இறங்கும், எலும்பு முறியும். மல்லாந்து வீழ்வானாயின் பிடரி தரையில் மோதும். ஜூடோ மாணவனோ, மோவாயை மார்போடு சேர்த்துத் தலையைக் காப்பான். முதுகை வளைத்து உருள்வான். விரித்த கையாற் பாயை ஓங்கி அறைவான். இவற்றால் விழுந்த வேகம் ஓரிடத்தில் குவியாது உடலெங்கும் பரந்து தணியும். இக்கலை கற்றவர் வாழ்நாளில் ஒருவரோடும் போர் செய்யாமற் போகலாம். மழைநாளில் வழுக்கி விழாதிருத்தல் யாவர்க்கும் இயல்வதன்று. மற்றொன்றும் அறிக. பிடியில் அகப்பட்டவன் எதிரியின் உடலையோ பாயையோ இருமுறை தட்டினால், 'போதும், விடுக' என்பது பொருள். பிடித்தவன் அந்நொடியே விட்டுவிடல் வேண்டும். 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுகளில் ஜூடோ முதன்முதல் இடம்பெற்றது, அவ்வரங்கிலும் இவ்விதி காக்கப்பட்டது, இன்றும் காக்கப்படுகிறது.

கராத்தே பிறந்தது ஒகினாவாத் தீவில். அதனை 1922ஆம் ஆண்டில் தோக்கியோவிற்குக் கொண்டுசென்று செய்து காட்டிய புனகோஷி என்பாரும் பள்ளியாசிரியரே. அவரும் இளமையில் நோயுற்ற உடம்பினர். கைகளாலும் கால்களாலும் தாக்குதலும் தடுத்தலும் இதன் இயல்பு. ஒருவன் தனியே நின்று வரிசையாகச் செய்து பழகும் அடவுகள் இதில் உண்டாதலின், துணையில்லாத வேளையிலும் வீட்டு முற்றத்திற் பயிலலாம். இது பெரியதொரு வசதி. குத்துச்சண்டையைப் பற்றி நான் மிகுதியாகச் சொல்லவில்லை. தலையில் மீண்டும் மீண்டும் படும் அடி மூளைக்கு ஊறு செய்யும் என மருத்துவர் எச்சரிக்கின்றனர். கண்ணாடி அணியும் 13 அகவைப் பிள்ளைக்கு அதனை நான் பரிந்துரையேன்.

நம் நாட்டுக் கலைகளை மறந்து கூறுகின்றேன் என எண்ணற்க. சோழன் போரவைக்கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மற்போரில் வென்ற செய்தியைச் சாத்தந்தையார் பாடிய புறநானூற்றுப் பாடல்கள் நமக்கு அறிவிக்கின்றன. பல்லவ வேந்தன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் பட்டப் பெயரைச் சூடினான். மாமல்லபுரம் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. கன்னியாகுமரிப் பகுதியில் அடிமுறை என்னும் கலை உண்டு. அதனோடு வருமக் கலையும் சேர்ந்து வழங்கும். எனினும், வரும இடங்களை எடுத்த எடுப்பிலே கற்பிப்பதாகக் கூறுவாரை நம்பற்க. பல்லாண்டு பழகி, மாணவனுடைய குணம் அறிந்த பின்னரே ஆசான்மார் அதனை வாய் திறந்து சொல்லுவர்.

சிலம்பத்தைப் பற்றிச் சொல்லுங்கால், என் பிழை ஒன்றையும் மறையாது சொல்லியாக வேண்டும்.

எனக்கு 14 அகவை நிரம்பிய காலம். எங்கள் தெருவில் இளைஞர் ஒருவர் கோயிற் கொடைகளிற் கம்பு சுற்றுவார். கம்பு சுழல்வதே தெரியாது. காற்றின் ஒலி மட்டுமே கேட்கும். அவ்வழகில் மயங்கி நான் அவரிடம் சேர்ந்தேன். அவரும் என் விருப்பம் போலவே, ஒரு திங்களுக்குள் கம்பைச் சுற்றும் வகை சிலவற்றைக் காட்டிக் கொடுத்தார். காலடி கற்பிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவ்வாண்டுக் கொடையில் நானும் ஊர்வலத்தின் முன் நின்று சுற்றினேன். பெண்டிரும் பிள்ளைகளும் கைகொட்டினர். கைகொட்டக் கொட்டக் கம்பு விரைந்தது, கூட்டமும் நெருங்கிற்று. ஏழு அகவைச் சிறுவன் ஒருவன், எதனையோ எடுக்க ஓடி வந்து குறுக்கே புகுந்தான். நான் கண்டேன். கண்டும் என்ன? சுழலும் கம்பை நிறுத்தும் வகையையும், ஓரடி பின்வாங்கி விலகும் வகையையும் நான் அறியேன். கம்பின் நுனி அவன் புருவத்தின் மேல் பட்டது, குருதி வழிந்தது.

கண் தப்பியது, அவ்வளவே. அச்சிறுவர் இன்று பேரப்பிள்ளை கண்டவர். சில ஆண்டுகளுக்கு முன் தம் மகன் திருமண அழைப்பிதழோடு எங்கள் வீட்டிற்கு வந்தார். அவர் பேசியது ஒன்றும் என் செவியில் ஏறவில்லை. புருவத்தின் மேலிருந்த வெள்ளைத் தழும்பிலேயே என் கண் நின்றது.

கொடை முடிந்த மறுநாள், ஊரிலிருந்த முதிய ஆசான் ஒருவர் என்னை ஆளனுப்பி அழைத்தார். வைவார் என்று அஞ்சிச் சென்றேன். அவர் வையவில்லை. "சுற்றக் கற்றாய், தம்பி. நிறுத்தக் கற்றாயா?" என்று மட்டும் கேட்டார். பின்பு ஆற்று மணலில் விரலாற் கோடுகள் கிழித்து, அவற்றின்மேற் கால் மாற்றி வைக்கச் சொன்னார். மூன்று திங்கள் அம்மணலில் நடந்தேன். அதுவரை கம்பைத் தொடுவதற்கு அவர் இசையவில்லை. அதன்பின் தந்த கம்பும் நிலத்திலிருந்து என் நெற்றியளவு உயர்ந்த மூங்கிற்கோல். அதனைக் கொண்டு அவர் கற்பித்த முதற்பாடம், ஓங்கிய கோலை எதிரியின் உடலுக்கு ஒரு சாண் முன்னே நிறுத்துவது.

சிலம்பத்திற்கு இக்காலத்தில் நன்மதிப்பு உண்டு. 2021ஆம் ஆண்டிற் தமிழ்நாட்டரசு, விளையாட்டு வீரர்க்குரிய 3 விழுக்காட்டு வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டில் இதனையும் சேர்த்தது. 2024ஆம் ஆண்டு சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளிற் சிலம்பம் செய்து காட்டப்பட்டது. இவை மகிழத் தக்கனவே. எனினும் மதிப்பு மிகும் இடத்தில் விரைந்து கற்பிப்பதாக விளம்பரம் செய்வாரும் மிகுவர்.

நான் இவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபொழுது, உறங்கிவிட்டாள் என்று நாங்கள் எண்ணியிருந்த பெயர்த்தி எழுந்து வந்து, "பெண்பிள்ளைகள் கற்கலாமா, தாத்தா?" என்றாள். அவளுக்குப் பத்து அகவை. கேரள நாட்டு வடகரையில் வாழும் மீனாட்சி அம்மாளைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். ஏழு அகவையிற் களரி புகுந்த அவ்வம்மையார், எழுபது கடந்த பின்னும் வாளும் கேடயமும் ஏந்திப் பயிற்சி தந்தார். 2017ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது அளித்தது. களரி என்பது நிலத்தைத் தோண்டி அமைக்கும் பயிற்சிக்களம். 42 அடி நீளமும் 21 அடி அகலமும் உடையதாக அமைப்பது மரபு. வடகேரள முறையில் முதலில் உடற்பயிற்சி; அடுத்துக் கோல்; பின்னர் வாள் முதலிய உலோகப் படைக்கலங்கள்; வெறுங்கைப் போர் எல்லாவற்றிற்கும் இறுதியில். வெறுங்கையே எளிது என எண்ணுவார்க்கு இவ்வரிசை வியப்பளிக்கும்.

அவ்வாரம் மூவரும் மூன்று பயிற்சிக்கூடங்களுக்குச் சென்றோம். கலையின் பெயரைப் பார்க்கவேண்டா, கடைசியாகச் சேர்ந்த பிள்ளையை ஆசான் எங்ஙனம் நடத்துகின்றார் என்பதைப் பாருங்கள் என்று இருவரிடமும் கூறியிருந்தேன்.

முதற்கூடத்தின் சுவரெல்லாம் படங்கள். ஓராண்டிற் கருங்கச்சை உறுதி என்றார்கள். ஓராண்டுக் கட்டணத்தையும் முன்னதாகவே கேட்டார்கள். நாங்கள் நின்ற சிறுபொழுதில், வளர்ந்த மாணவன் ஒருவன் சிறுவன் ஒருவனை வேண்டுமென்றே வலிக்க உதைத்தான். பயிற்சி தருபவர் அதனைக் கண்டு நகைத்தார். என் பெயரன் என் கையைப் பற்றி வெளியே இழுத்தான். சட்டைப்பை கிழிந்தவனுக்கு அந்நகைப்பின் பொருள் விளங்காதா?

இரண்டாவது, ஜூடோக் கூடம். பழைய கட்டடம்; ஆனால் பாய்கள் இடைவெளியின்றி விரிக்கப்பட்டிருந்தன. பிள்ளைக்கு முன்னர் எலும்பு முறிந்ததுண்டா, இழுப்பு நோய் உண்டா, கண்ணாடியின்றி எவ்வளவு தெரியும் என்று ஆசிரியர் வினவினார். கட்டணத்தை நாங்கள் கேட்ட பிறகே சொன்னார்; திங்கள்தோறும் செலுத்தலாம் என்றார். புதிய மாணவர்கள் தூக்கியெறிந்து பழகுவதற்காக, மூத்த மாணவர்கள் தாமே திரும்பத் திரும்ப விழுந்து கொடுத்தனர். அதனைப் பெயரன் இமையாது பார்த்தான்.

மூன்றாவது, ஆற்றங்கரையிற் சிலம்பம். கூரையில்லை, படமில்லை. கோல் ஒன்று வாங்கினாற் போதும். ஆசான் மணலிற் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஐம்பதாண்டு பின்சென்றது போலிருந்தது.

பெயரன் சிலம்பத்தையே தெரிந்துகொள்வான் என நான் உள்ளூர எதிர்பார்த்தேன். அவன் ஜூடோவை விரும்பினான். பெயர்த்தி சிலம்பத்தை விரும்பினாள். வீட்டிலிருந்து நடந்தே சென்று வரத்தக்க தொலைவில் இரண்டும் இருந்தமையால் நான் தடை சொல்லவில்லை. தொலைவிலுள்ள சிறந்த கூடத்திற்கு வாரம் ஒருநாள் செல்வதினும், அருகிலுள்ள நல்ல கூடத்திற்கு வாரம் மூன்று நாள் செல்வது தொடக்கத்தார்க்கு ஏற்றது.

நான்கு திங்கள் கழிந்தன. ஐப்பசி மழையில், கிணற்றடிப் பாசியில் பெயரன் வழுக்கி வீழ்ந்தான். ஓசை கேட்டு நான் எழுவதற்குள் அவனே உள்ளே ஓடிவந்து, சேறு படிந்த உள்ளங்கையை விரித்துக் காட்டி, "தலை படவில்லை தாத்தா, கண்ணாடியும் உடையவில்லை" என்றான். ஒருவனை ஒரு திங்களில் வீழ்த்தும் பேச்சை அவன் எடுத்து நெடுநாள் ஆயிற்று. பெயர்த்தியோ கோலமாவினால் முற்றத்திற் கோடுகள் இட்டு, அவற்றின்மேற் கால் மாற்றிக் கால் மாற்றி நடக்கிறாள். அவளுக்கென வாங்கிய கோல் கதவின் பின்னே சாத்தியபடியே இருக்கிறது. "ஆசான் எப்பொழுது தாத்தா அதைத் தொடவிடுவார்?" என்று நாள்தோறும் என்னை நச்சரிக்கிறாள்.